மலைச்சரிவில் 38 லட்சம் யென்னுக்கு ஒரு வீடு

கேள்வி: ஐயா, எனக்கு வயது 36. சொந்த ஊர் அம்பாசமுத்திரம். எம்.டெக். முடித்து ஓசூரில் 5 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடந்த 6 ஆண்டுகளாக ஜப்பானின் கிதாக்யூஷு நகரில், ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். சம்பளம் ஆண்டுக்கு 64 லட்சம் யென். மூன்று ஆண்டுகளுக்கு முன் 52 லட்சம். ஜப்பானிய மொழித் தேர்வில் என்-2 நிலையை இங்கே வந்த இரண்டாம் ஆண்டிலேயே தேறிவிட்டேன். நிரந்தர வசிப்புரிமை இன்னும் இல்லை. கொக்குராவில் 78,000 யென் வாடகை. மனைவி வேலைக்குப் போகவில்லை. மகளுக்கு 5 வயது. சேமிப்பு 70 லட்சம் யென்.

யஹாத்தா பகுதியில், மலைச்சரிவில், 1974-இல் கட்டிய மரவீடு ஒன்று 38 லட்சம் யென்னுக்கு வருகிறது. கார் கீழேயே நின்றுவிடும். அறுபது படி ஏற வேண்டும். ஆனால் மாடியில் நின்றால் விரிகுடா முழுவதும் தெரிகிறது. இன்னொன்று, கொக்குரா ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் 1998-இல் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு. 1 கோடியே 28 லட்சம் யென். அதற்குக் கடன் கேட்டால் வங்கி தயங்குகிறது. "கடனில்லாமல் கிடைக்கிற மண்ணை விடாதே, மண் ஒருநாளும் ஏமாற்றாது" என்கிறார் அப்பா. வெளிநாட்டவன் பெயரில் வாங்க முடியுமா? வாங்கலாமா?

பதில்: முடியும். ஜப்பானில் நிலமும் வீடும் வாங்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ தேவையில்லை. குத்தகைக் காலம் என்றெல்லாம் இல்லாமல், ஜப்பானியர் வாங்குவதைப் போலவே முழு உரிமையாக உங்கள் பெயரில் பதிவாகும். 2024 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டவர் பெயர் ரோமன் எழுத்திலும் பதிவேட்டில் ஏற வேண்டும், அவ்வளவுதான். விளைநிலம் என்றால் வேளாண் குழுவின் அனுமதி வேண்டும். பாதுகாப்புத் துறை இடங்களைச் சுற்றி அரசு குறித்துவைத்திருக்கும் நிலங்களைப் பற்றி 2022-இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவும் நிலத்தை என்ன செய்கிறீர்கள் என்று கண்காணிக்கிறதே தவிர, வாங்குவதைத் தடுக்கவில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வீடு வாங்கியதற்காக விசா கிடைக்காது, நீளவும் நீளாது.

வாங்கலாமா என்பதற்கு என் பதில்: சரிவு வீடு வேண்டாம். அடுக்குமாடி வீடு, இன்று வேண்டாம். அதற்குமுன் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே அது ஒளிந்துகொண்டிருக்கிறது, வருகிறேன்.

முதலில் அப்பாவுக்கு ஒரு பதில். தாமிரபரணிப் பாசனத்தில் வாழ்நாளைக் கழித்தவர் மண் ஏமாற்றாது என்று சொன்னால், அவர் ஊருக்கு அது உண்மை. அங்கே விற்கிறேன் என்று டீக்கடையில் சொன்னால் மாலைக்குள் நாலு பேர் வீட்டு வாசலில் நிற்பார்கள். ஜப்பானின் மாகாண நகரங்களில் கதை வேறு. 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஆளில்லாத வீடுகள் 90 லட்சம். மொத்த வீடுகளில் 13.8 விழுக்காடு. அக்கியா என்கிறார்களே, அவைதான். தாத்தா வீட்டை விற்கவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் தவிக்கும் பேரப்பிள்ளைகளுக்காக 2023 ஏப்ரலில் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது: வேண்டாத நிலத்தை அரசிடமே ஒப்படைத்துவிடலாம். இலவசமாக அல்ல. விண்ணப்பக் கட்டணம் ஒரு மனைக்கு 14,000 யென்; ஏற்றுக்கொண்டால் பொதுவாக 2 லட்சம் யென் நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டும். மேலே கட்டடம் இருக்கக் கூடாது. உங்கள் செலவில் இடித்துவிட்டுத்தான் வர வேண்டும். நிலத்தை வாங்கிக்கொள்ள அரசு காசு கேட்கிறது என்பதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார். இதில் உங்களுக்கான சேதி என்னவென்றால், அந்தக் கதவும் வாரிசாக நிலம் பெற்றவர்களுக்கு மட்டும்தான் திறக்கும். காசு கொடுத்து வாங்கியவருக்கு இல்லை.

அந்த வீடு ஏன் 38 லட்சத்துக்கு வருகிறது? யஹாத்தாவில் உருக்காலை 1901-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆலை வளர வளரச் சமவெளி போதவில்லை. தொழிலாளர் குடும்பங்கள் மலைமீது ஏறின. படிக்கட்டுதான் தெரு. அன்று எல்லோருக்கும் இளவயது, காரும் கிடையாது. அறுபது படி ஒரு பொருட்டில்லை. ஒரு காலத்தில் 10 லட்சத்தைத் தாண்டியிருந்த நகரத்தின் மக்கள்தொகை இப்போது 9 லட்சத்தை ஒட்டி இருக்கிறது. சரிவுகளில் இனிக் குடியிருப்பை ஊக்குவிக்க வேண்டாம் என்று சில பகுதிகளின் வகைப்பாட்டை மாற்றும் வேலையை மாநகராட்சியே கையில் எடுத்திருக்கிறது. மாநகராட்சியே பின்வாங்கும் இடத்தில் உங்கள் சேமிப்பை நடுவது சரியா?

இன்னொரு கண்ணியும் அங்கே இருக்கலாம். 4 மீட்டர் அகலச் சாலையை மனை குறைந்தது 2 மீட்டராவது தொட்டிருக்க வேண்டும் என்பது பொதுவான கட்டட விதி. படிக்கட்டுப் பாதை பெரும்பாலும் இந்தக் கணக்கில் தேறாது. தேறாவிட்டால் வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் பொதுவாக அனுமதி கிடைக்காது. அப்படிப்பட்ட மனையை உங்களிடமிருந்து வாங்கப்போவது யார்? எந்த ஊரில் வீடு பார்த்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். விலை எவ்வளவு என்பது இரண்டாவது.

சரி, விற்கவே வேண்டாம், குடியிருக்கத்தான் என்கிறீர்களா? கணக்கைப் போடுவோம். விலை 38 லட்சம். தரகுக் கூலி, 80 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளுக்கு 2024 ஜூலை முதல் அதிகபட்சம் வரியோடு 3 லட்சத்து 30 ஆயிரம் வரை கேட்கலாம், கேட்பார்கள். பதிவு வரி, பத்திர வேலையைச் செய்யும் ஷிஹோ ஷோஷியின் கட்டணம் எல்லாம் சேர்த்து 2 லட்சம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சில மாதம் கழித்து, எல்லாம் முடிந்தது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போது, மாகாண அரசிடமிருந்து சொத்து வாங்கியதற்கான வரி என்று ஓர் உறை வரும். பழைய வீட்டுக்கு அது பெரிய தொகையாக இராது, ஆனால் வரும்.

பெரிய செலவு வீட்டிலேயே இருக்கிறது. 1981 ஜூனில் ஜப்பான் நிலநடுக்கக் கட்டட விதிகளைக் கடுமையாக்கியது. மரவீடுகளுக்கு 2000-இல் மறுபடியும். உங்கள் வீடு இரண்டுக்கும் முந்தையது. 2016 குமமோத்தோ நிலநடுக்கத்துக்குப் பிறகு மஷிக்கி ஊரின் மையப்பகுதியில் எடுத்த கணக்கு: 1981-க்கு முந்தைய மரவீடுகளில் 28 விழுக்காடு இடிந்து விழுந்தன; 2000-க்குப் பிந்தையவற்றில் 2 விழுக்காடுதான். ஐந்து வயதுக் குழந்தை தூங்கும் வீடு. எனவே வலுவூட்டும் வேலைக்கு 18 லட்சம் ஒதுக்கியே ஆக வேண்டும். கூரை, குழாய், குளியலறை, கரையான் தின்ற உத்திரம் என்று இன்னொரு 25 லட்சம். சிமெண்ட் மூட்டை ஒவ்வொன்றையும் ஆள் சுமந்து ஏற்ற வேண்டிய இடம் என்பதால் இது குறைவான மதிப்பீடு என்றே நினைக்கிறேன்.

கூட்டினால் 86 லட்சத்தைத் தாண்டுகிறது. உங்கள் கையில் இருப்பது 70. கடனில்லாத வீடு என்று அப்பா சொன்னது இங்கேயே உடைந்துவிடுகிறது.

86 லட்சம் என்பது உங்கள் இன்றைய வாடகையில் 9 ஆண்டுகள். நேர்மையாகச் சொன்னால், அதே வீட்டில் 15 ஆண்டுகள் அசையாமல் இருப்பீர்கள் என்றால் கணக்கு அவ்வளவு மோசமில்லை. ஆனால் அந்த 15 ஆண்டுகள் உங்கள் கையில் இல்லை. விசா இருக்கிறது, கம்பெனி மாற்றல் போடலாம், ஊரில் பெற்றோருக்கு வயதாகிறது. கிளம்பும்போது வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதும் அவ்வளவு எளிதல்ல. ஆண்டுதோறும் சொத்து வரி உண்டு. 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தப்படி, பராமரிக்காமல் விட்ட வீடு என்று மாநகராட்சி அறிவுறுத்தல் கொடுத்துவிட்டால், குடியிருப்பு மனைக்கான வரிச்சலுகையும் போய்விடும். 200 சதுர மீட்டர் வரையுள்ள மனைக்கு வரி மதிப்பை ஆறில் ஒரு பங்காகக் குறைத்துவைத்திருப்பதே அந்தச் சலுகைதான்.

மண்சரிவு அபாய வரைபடத்தையும் ஒருமுறை பாருங்கள். மாநகராட்சி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். 2018 ஜூலைப் பெருமழையில் இதே நகரின் மோஜிப் பகுதியில் மலை சரிந்து வீட்டோடு உயிர்களையும் கொண்டுபோனது.

இனி, ஒளிந்திருக்கும் அந்த விஷயம். நிரந்தர வசிப்புரிமைக்குப் பொதுவாக 10 ஆண்டுகள் ஜப்பானில் வசித்திருக்க வேண்டும். நீங்களும் இன்னும் 4 ஆண்டு காத்திருக்க வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலும். உயர்திறன் பணியாளர் புள்ளி முறையில் 70 புள்ளி இருந்தால் 3 ஆண்டே போதும். அதற்காக விசா வகையை முன்பே மாற்றியிருக்க வேண்டியதில்லை; இன்றும், மூன்று ஆண்டுகளுக்கு முன்பும் 70 இருந்தது என்று காட்டினால் விண்ணப்பிக்கலாம். நீங்கள் தந்த விவரங்களை வைத்துப் போட்டுப் பார்த்தேன். இன்று: முதுகலைப் பட்டம் 20, பத்து ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவம் 20, சம்பளம் 20, வயது 5, மொழித் தேர்வு 10, மொத்தம் 75. மூன்று ஆண்டுகளுக்கு முன், 33 வயதில்: பட்டம் 20, ஏழு ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவம் 15, சம்பளம் 15, வயது 10, மொழி 10. சரியாக 70. மயிரிழைதான், ஆனால் தேறுகிறது.

ஆகவே வீட்டுத் தரகரைப் பார்ப்பதற்கு முன் குடிவரவு விண்ணப்பங்களைக் கையாளும் கியோசெய் ஷோஷி ஒருவரைப் பாருங்கள். ஓசூர் கம்பெனியின் அனுபவச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், வரி, ஓய்வூதியச் சந்தா, மருத்துவக் காப்பீட்டுச் சந்தா கட்டிய ரசீதுகள் எல்லாவற்றையும் திரட்டுங்கள். சந்தாவை ஒருமுறை தாமதமாகக் கட்டியிருந்தாலும் விண்ணப்பத்தில் உறுத்தும். ஓசூர் சான்றிதழில் தேதி தெளிவாக இல்லாவிட்டால் இன்றே கேட்டு வாங்குங்கள்; அந்த 15 புள்ளி அதில்தான் தொங்குகிறது.

இதற்கும் வீட்டுக்கும் என்ன தொடர்பு? வசிப்புரிமை வந்துவிட்டால் வங்கி உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும். பிளாட் 35 என்ற நிலையான வட்டிக் கடனுக்கும் அது கட்டாயம். அடுக்குமாடி வீட்டுக்கு 28 லட்சம் முன்பணம் போட்டு 1 கோடி கடன் வாங்குகிறீர்கள் என்று வைப்போம். 25 ஆண்டு, 1.5 விழுக்காடு வட்டி என்றால் மாதத் தவணை 40,000 யென். பராமரிப்புக் கட்டணம், பழுதுபார்ப்பு நிதி, சொத்து வரி மூன்றுக்கும் மாதம் 30,000 சேர்த்தால் 70,000. இன்றைய வாடகையைவிடக் குறைவு. 2024 மார்ச்சில் எதிர்மறை வட்டியைக் கைவிட்ட ஜப்பான் மத்திய வங்கி அதன்பின் படிப்படியாக வட்டியை ஏற்றிவருகிறது. ஆகவே 3 விழுக்காட்டுக்கும் போட்டுப் பார்த்தேன்: தவணை 47,400, மொத்தம் 77,400. அப்போதும் வாடகையைத் தாண்டவில்லை. தரகும் பதிவும் போக உங்கள் கையில் 30 லட்சத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். வங்கிக் கடனோடு வரும் ஆயுள் காப்பீடு, உங்களுக்கு ஏதேனும் ஆகிவிட்டால் கடனை அடைத்துவிடும். ஒற்றைச் சம்பளக் குடும்பத்துக்கு இது சிறிய விஷயமல்ல. கடனில்லாமல் வாங்கும் சரிவு வீட்டில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. கடன் கெட்டது என்று வளர்ந்த நமக்கு இது தலைகீழாகத் தெரியும்.

அந்தக் கட்டடம்தானா, வேறா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். எதுவானாலும் நீண்டகாலப் பழுதுபார்ப்புத் திட்டத்தையும், நிதியில் உள்ள இருப்பையும், எத்தனை வீட்டார் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். நிதி குறைவாக இருந்தால் மாதக் கட்டணம் ஏறும், அல்லது ஒரேயடியாகப் பெருந்தொகை கேட்பார்கள். நிலையத்தருகே இருப்பதால் விற்கலாம், வாடகைக்கும் விடலாம். கொக்குராவிலிருந்து ஷின்கான்சென்னில் கால் மணி நேரத்தில் ஹக்காத்தா. விலை ஏறும் என்று மட்டும் எண்ண வேண்டாம். இறங்கினாலும் வாங்க ஆள் இருக்கும் இடம் என்பதே இதன் பலம்.

பின்னாளில் ஊர் திரும்பினால்: வெளிநாட்டில் வசித்தபோது வாங்கிய சொத்தை இந்தியா திரும்பிய பின்னும் வைத்திருக்க ஃபெமா என்ற இந்திய அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் வரிச் சட்டப்படி முழு வசிப்பாளர் ஆனதும் கணக்குத் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் அதைக் காட்டியாக வேண்டும். மறந்தால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஜப்பானில் உங்களுக்காக வரி கட்டும் பிரதிநிதி ஒருவரை நியமிக்க வேண்டும். அங்கே இல்லாத நிலையில் விற்றால், வாங்குபவர் விலையில் 10.21 விழுக்காட்டைப் பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டு மீதியைத்தான் தருவார். தன் குடும்பம் குடியிருக்கவே 10 கோடி யென்னுக்கு உட்பட்டு ஒருவர் வாங்கினால் இந்தப் பிடித்தம் இல்லை. உங்கள் மனைவியும் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்கட்டும்: 2024 ஏப்ரல் முதல் வாரிசுப் பதிவு கட்டாயம், மூன்று ஆண்டுக்குள். ஜப்பானியருக்குக் குடும்பப் பதிவேடு இருக்கிறது. நமக்கு வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழைத்தான் மொழிபெயர்த்துக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

அதுவரை சேமிப்பு வங்கியிலேயே இருக்கட்டும், வாடகையும் போகட்டும். அந்த விரிகுடாக் காட்சி மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை என்றால், மகளை அழைத்துக்கொண்டு ஒரு மாலை சரகுரா மலைக்குப் போய்வாருங்கள். கேபிள் கார் ஓடுகிறது. படி ஏற வேண்டாம்.