மாட்டுக்கு எதற்கு வட்டக் கொட்டில்?

கேள்வி: அமெரிக்காவில் ஹான்காக் என்ற ஊரில் கல்லால் கட்டிய வட்டமான மாட்டுத் தொழுவம் இருக்கிறதாம். மூலையில் பேய் ஒளியக் கூடாது என்றுதான் வட்டமாகக் கட்டினார்கள் என்கிறான் என் மகன். உண்மையா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அந்தப் பேய்க் கதையை நானும் கேட்டிருக்கிறேன், நம்பவில்லை. மாசசூசெட்ஸில் உள்ள அந்தத் தொழுவத்தை 1826-ல் கட்டியவர்கள் ஷேக்கர்கள். கல்யாணம் செய்துகொள்ளாமல், சொத்தைப் பொதுவில் வைத்து வாழ்ந்த கிறிஸ்தவப் பிரிவினர். பேய்க்குப் பயந்தவர்கள் என்றால், பக்கத்திலேயே தாங்கள் குடியிருந்த செங்கல் வீட்டை நாலு மூலை வைத்துக் கட்டியிருப்பார்களா?

காரணம் வேலையில் இருக்கிறது. சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஆறு மாடு. போரிலிருந்து வைக்கோலைப் பிடுங்கி ஒவ்வொரு மாட்டுக்கும் சுமந்து போட்டே எனக்குத் தோள் அரித்துவிடும். அங்கே கட்டியிருந்ததோ ஐம்பதுக்கும் மேல். அதனால் போரையே கட்டடத்தின் நடுவில் வைத்துவிட்டார்கள். மாடுகள் அதைச் சுற்றி, தலையை உள்பக்கம் நீட்டி நிற்கும். நடுவில் நிற்கும் ஆள் எல்லாவற்றுக்கும் தீனி தள்ளலாம். மாட்டுக்குத் தலைப்பக்கம் ஒடுக்கம், பின்பக்கம் அகலம். வட்டத்தில் அதற்கான இடமும் அப்படியே அமைந்துவிடுகிறது.

வண்டி வரும் வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சாய்வான மண்பாதையில் ஏறி மேல்தளத்துக்குள் நுழையும். வட்டமாகச் சுற்றியபடியே காய்ந்த புல்லை நடுக்குழியில் கொட்டிவிட்டு, நுழைந்த வாசல் வழியாகவே வெளியேறும். பாரவண்டியைப் பின்னால் தள்ளித் திருப்பிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சுகம் புரியும்.

ஈரம் போகாத புல்லைக் குவித்தால் உள்ளுக்குள்ளேயே சூடேறித் தீப்பிடிக்கும். அதற்காகப் புல்குவியலின் நடுவே காற்றுப்போக்கி நிற்கிறது. இருந்தும் 1864-ல் ஒரு தீ விபத்து நடந்தது. அப்புறம் மறுபடி எடுத்துக் கட்டினார்கள். உச்சியில் தெரியும் பன்னிரண்டு பக்கச் சாளரக் கூடு, தீக்குப் பிறகு வந்தது. அதன் வழியே வெளிச்சம் நேராக நடுவில் இறங்குகிறது. அடியில் சாணக்குழியும் உண்டு; மேலே தள்ளினால் கீழே விழும், அங்கிருந்தே எருவாக வயலுக்குப் போகும்.

ஒரு குறையும் உண்டு. மாடு பெருகினால் நீளக் கொட்டிலை இன்னும் நீட்டலாம், வட்டத்தை நீட்ட முடியாது.

இப்போது அது அருங்காட்சியகம். போனால் மேல்தளத்தை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். கீழே இறங்கி, மாடு நின்ற இடத்தில் நின்று நடுவைப் பாருங்கள்.