புதியவர் ஊட்டினால் மகன் வாய் திறப்பதில்லை: என்ன செய்வது?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது, பெருமூளை வாதம். சக்கர நாற்காலியில்தான் இருக்கிறான். பேச்சு வராது, ஆனால் எல்லாம் புரியும். தூக்குவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் இதுவரை நான்தான். இடுப்பு வலி தாங்காமல் பராமரிப்புக்கு ஆள் வைத்தோம். அவர்கள் ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்கிறான். இரண்டு பேர் வந்து போய்விட்டார்கள். எப்படிப் பழக்குவது?

பதில்: இதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பேச்சில்லாதவர் ‘வேண்டாம்’ என்று சொல்ல வாயைத்தான் மூட முடியும். ஊட்டுபவரின் வேகத்தையும் உட்காரும் விதத்தையும் முதலில் கவனியுங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் உங்கள் மகன் அண்ணாந்து பார்க்க வேண்டும். கழுத்து பின்னால் சாய்ந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போவது எளிது. ஒருமுறை பலமாகப் புரையேறிவிட்டால் அடுத்த வாய்க்கே பயம் வந்துவிடும்.

பராமரிப்பாளர் மகனுக்கு எதிரே, அவர் கண் மட்டத்தில் உட்காரட்டும். மகனின் இடுப்பு நாற்காலியின் பின்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும், பாதங்கள் பலகையில் பதிந்திருக்க வேண்டும், முகவாய் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். அரைக் கரண்டி போதும். கரண்டியைக் கீழிருந்து கொண்டுவந்து நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி, உதடு மூடும்வரை காத்திருந்து நேராக வெளியே எடுக்க வேண்டும். மேல்பல்லில் உரசி இழுத்தால் தாடை தானாகவே கரண்டியைக் கடித்து இறுகிவிடும். அது அவர் கட்டுப்பாட்டில் இல்லை. அப்போது பிடுங்காமல், தாடை தளரும்வரை பொறுத்திருக்க வேண்டும். சிலிக்கான் கரண்டி நல்லது. விழுங்கி வாய் காலியான பிறகே அடுத்த வாய். சாப்பிட்டு 30 நிமிடமாவது நிமிர்ந்தே இருக்கட்டும்.

ஊட்டும்போது இருமல், கண்ணில் நீர், சளி கட்டியதுபோல் கரகரத்த குரல் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். இது அடிக்கடி நடந்தாலோ, நெஞ்சுச்சளியும் காய்ச்சலும் திரும்பத் திரும்ப வந்தாலோ, விழுங்கும் திறனைப் பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் பரிசோதிக்க வேண்டும்.

இனி, ஒப்படைக்கும் வரிசை. கடினமான வேலை என்பதால் குளியலையும் ஊட்டுவதையும் முதல் நாளே கொடுத்துவிடுகிறோம். அந்தரங்கமான இரண்டையும் முன்பின் தெரியாத கைகளிடம் விட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? முதல் வாரம் நீங்கள் செய்வதைப் புதியவர் பார்க்கட்டும், மகனுக்குப் பிடித்ததைச் சேர்ந்து செய்யட்டும்: பாட்டு கேட்பது, வெளியே போய்வருவது. உங்களைப் பார்த்து “இவருக்கு என்ன வேணும்?” என்று கேட்காமல், அவரிடமே கேட்கப் பழக்குங்கள். கண்ணை மேலே உயர்த்தினால் ‘ஆம்’ என்பது போன்ற அவருடைய குறிகளை ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். கேட்டுவிட்டுப் பத்து வினாடி காத்திருக்க வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். பலர் இரண்டாம் வினாடியிலேயே தாங்களாக முடிவெடுத்துவிடுகிறார்கள். ஊட்டுவதும் குளியலும் கடைசியில் வரட்டும்.

தூக்குவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், உங்கள் இடுப்பும் முக்கியம். அக்குளில் கை கொடுத்துத் தூக்கவே கூடாது, தோள்மூட்டு விலகிவிடக்கூடும். பாதத்தை ஊன்றி எடை தாங்க முடிந்தால்: நாற்காலியைக் கட்டிலுக்குச் சாய்வாக ஒட்டி நிறுத்தி, பிரேக் போட்டு, கால்பலகையை விலக்கி, அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டிய பட்டையைப் பிடித்து எழுப்பித் திருப்பி உட்கார வைக்கலாம். எடை தாங்க முடியாவிட்டால் ஆள்பலம் தீர்வாகாது. தூக்கும் கருவி வாங்கி, இயன்முறை மருத்துவரிடம் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்.

குளிக்கும்போது வால் எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். கருமையான தோலில் சிவப்பு தெரியாது. நிறம் கறுத்தோ, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் படுக்கைப்புண் தொடங்குகிறது. அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. அதன்மேல் எடை விழாமல் பார்த்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

முடிந்தால் இருவரைப் பழக்குங்கள். ஒருவர் நின்றுவிட்டாலும் சமாளிக்கலாம். முதல்முறை நீங்கள் வெளியே போவது சாப்பாட்டு நேரமல்லாத ஒரு மணி நேரமாக இருக்கட்டும். சொல்லாமல் நழுவாதீர்கள். எப்போது திரும்புவீர்கள் என்று கடிகாரத்தைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள், அந்த நேரத்துக்கே வந்துவிடுங்கள்.