உப்பைப் படித்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் ஐயா. மகள் அயனித் திரவங்களில் பிஎச்.டி. சேரப் போகிறாள், "உப்பை உருக்கிக்கொண்டிருந்தால் யார் வேலை கொடுப்பார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். உப்பு என்பது சரிதான். ஆனால் சமையல் உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். அயனித் திரவங்களோ 100 டிகிரிக்குக் கீழேயே திரவம். இவற்றின் அயனிகள், அதாவது மின்னூட்டம் உள்ள துகள்கள், பெரிதாக, கோணல்மாணலாக இருப்பதால் படிகமாக அடுக்கி உட்கார வராது.

இதற்குத் தொழிற்சாலையில் இடம் உண்டா? உண்டு. சில வினைகளில் வெளிவரும் அமிலத்தைப் பிடிக்க ஒரு காரம் சேர்ப்பார்கள். வழக்கமான காரம் என்றால் திட உப்பு விழுந்து கலவை கூழாகிவிடும், வடிகட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் என்ற வேதிப்பொருள் நிறுவனம் மெத்தில் இமிடசோல் என்ற காரத்தைச் சேர்த்தது. அதில் உண்டாகும் உப்பு சுமார் 75 டிகிரியில் உருகித் தனி அடுக்காக அடியில் நிற்கும்; குழாயைத் திறந்து இறக்கிவிடலாம். 2002-இல் இது நடப்புக்கு வந்தது.

எனக்குத் தயக்கம் இந்தத் திரவங்களுக்கு வைத்திருக்கும் 'பசுமைக் கரைப்பான்', அதாவது சூழலைக் கெடுக்காத கரைப்பான், என்ற பெயரில்தான். ஆவியாகாது, மூக்கில் ஏறாது, நல்லது. அதனாலேயே காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்வதும் பெரும்பாடு. பலவும் தேன் மாதிரி கெட்டி, சிரிஞ்சில் இழுத்தாலே கை வலிக்கும். காற்றின் ஈரத்தை வேறு உறிஞ்சும். சில வகை தண்ணீர் பட்டுச் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சைக் கூட வெளிவிடும். விலையும் அதிகம்.

ஆகவே தலைப்பைப் பார்த்துச் சேர வேண்டாம். வழிகாட்டியிடம் மகளே கேட்கட்டும்: எந்தச் சிக்கலைத் தீர்க்க இந்தத் திரவம்? பயன்படுத்தியதை எப்படி மீட்பீர்கள்? மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவியையும் ஈரம் அளக்கும் கார்ல் ஃபிஷர் கருவியையும் நானே இயக்கலாமா, சாம்பிளைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டுமா? முன்பு முடித்தவர்கள் இப்போது எங்கே? "புதுப்புது உப்பாகத் தயாரித்துக் கட்டுரை போடுவோம்" என்பதுதான் பதில் என்றால் வேறு ஆய்வகம் பார்க்கலாம். பேட்டரிக்குள் அயனிகளைக் கடத்தும் மின்பகுளி, உலோக மீட்பு என்று பதில் வந்தால் தைரியமாகச் சேரட்டும். அந்தக் கைப்பழக்கம் வேறு துறைக்கும் உதவும்.

பணக் கவலைக்கு: சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. அப்புறம், கல்யாணப் பேச்சை நெட் முடிவு வரும்வரை தள்ளிவைக்க முடியுமா, பாருங்கள்.