சுவிட்சின் முதுகைப் பாருங்கள்

கேள்வி: நானும் என் மைத்துனரும் சேர்ந்து ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கினோம். வார இறுதியில் சாங்கிப் பக்கம் மீன் பிடிக்கப் போவதோடு சரி. பில்ஜ் பம்ப் (படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றுவது) சுவிட்சும் விளக்கு சுவிட்சும் அடிக்கடி மக்கர் செய்ததால், 'மரைன் கிரேட்' (கடலுக்கு ஏற்றது), ஐபி67 (தூசி, தண்ணீர் புகாது) என்று போட்டிருந்த சுவிட்சுகளை இங்கே சிங்கப்பூரில் ஒரு கடையில் வாங்கி மாட்டினோம். ஐந்து மாதம்தான் ஆகிறது, மறுபடியும் பச்சை பூத்துவிட்டது. இன்னும் விலை கூடியதை வாங்க வேண்டுமா? இதைக் கடைக்காரரிடம் மாற்றிக் கேட்கலாமா?
– பொங்கோல் வாசகர்

பதில்: விலை கூடிய சுவிட்ச் இப்போதைக்கு வேண்டாம். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, பேனலைக் கழற்றிச் சுவிட்சின் பின்பக்கத்தைப் பாருங்கள். பச்சை பூத்திருப்பது விரலால் அழுத்தும் முன்பக்கத்திலா, பின்னால் வயர் நுனியில் மாட்டிய உலோக முனையான லக்கிலா? பெரும்பாலும் லக்கில்தான் இருக்கும். இருபக்கம் சாய்த்து அழுத்தும் ராக்கர் சுவிட்சுகள் பலவற்றுக்கு ஐபி எண் பேனலுக்கு வெளியே தெரியும் முகத்துக்கு மட்டுமே பொருந்தும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளுக்கு அது கிடையாது. இது தயாரிப்பாளரின் விவரத்தாளில் பொடி எழுத்தில் இருக்கும். பெட்டியின் மேல் இருக்காது.

ஐபி67 என்பதில் 6 தூசிக்கு, 7 தண்ணீருக்கு. 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது என்று அர்த்தம். சோதிப்பது நல்ல தண்ணீரில். உப்பைத் தாங்குமா என்று அந்த எண் சொல்லாது. அதற்கு உப்புநீரைத் தெளித்துப் பார்க்கும் 'சால்ட் ஸ்ப்ரே' சோதனை என்று ஒன்று தனியாக உண்டு. விவரத்தாளில் அது குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'மரைன் கிரேட்' என்ற சொல்லை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள், அதை யாரும் அச்சடித்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் இந்தத் தொல்லை ஏன் அதிகம்? சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகவே நீர் கோத்துக்கொள்ளும். கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கிவிடும். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதமோ 80 விழுக்காட்டுக்கு மேல். அலை தெறிக்காத இடத்தில் இருந்தாலும், காற்றில் வந்து படிந்த உப்பு காய்வதே இல்லை. அதன் மேல் 12 வோல்ட் நேர்மின்சாரமும் (டிசி) ஓடினால் பாசிட்டிவ் முனை வேகமாக அரித்துப் போகும். சுவிட்ச் அணைந்திருந்தாலும் பேட்டரிப் பக்கத்து முனையில் மின்சாரம் நிற்கிறது அல்லவா? அதனால் கரைக்கு வந்ததும் பேட்டரியைத் துண்டிக்கும் மெயின் ஐசொலேட்டரை அணைத்துவிட்டுப் போங்கள். தானாக ஓடும் பில்ஜ் பம்புக்கு மட்டும் ஃபியூஸ் வைத்துப் பேட்டரியிலிருந்து தனி லைன் இருக்க வேண்டும். இல்லையென்றால் மழை வாரத்தில் படகு மூழ்கிக் கிடக்கும்.

அடுத்து வயர். லக்கை வெட்டி, ரப்பர் உறையை ஓர் அங்குலம் உரித்துப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் உரியுங்கள். திரி எண்ணெயை உறிஞ்சுவது போல இழைகளுக்கு நடுவே உப்புத் தண்ணீர் ஏறிப் போயிருக்கும். கறுத்த வயரில் புதுச் சுவிட்ச் மாட்டிப் பயன் இல்லை, வயரையே மாற்றுங்கள். வெள்ளீயம் பூசிய செம்பு வயர், அதே பூச்சுள்ள லக், உள்ளே பசை தடவிய, சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் டியூப். பணத்தை இந்த மூன்றிலும் போடுங்கள். பசை இல்லாத சாதா டியூப் வாங்கிவிட்டு, பிறகு என்னைத் திட்டாதீர்கள். சூடாக்கும்போது ஓரத்தில் பசை பிதுங்கி வர வேண்டும், அப்போதுதான் மூடியது என்று பொருள். வயரை நேராகச் சுவிட்சுக்கு இறக்காமல், ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றுங்கள். வழியும் தண்ணீர் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

குச்சி போல நீட்டிக்கொண்டிருக்கும் டாகிள் சுவிட்ச் என்றால் அதன் மேல் மாட்டும் ரப்பர் தொப்பியும் வாங்கிக்கொள்ளுங்கள். டியூப், லக், தொப்பி எல்லாம் ஜாலான் புசார் சிம் லிம் டவர் பக்கம் விசாரித்தாலே கிடைக்கும். வயருக்குப் படகுச் சாமான் கடை நல்லது. வீட்டுச் சுவிட்சைப் படகில் மாட்ட வேண்டாம். 250 வோல்ட் ஏசி (வீட்டு மின்சாரம்) என்று மட்டும் எழுதியிருந்தால், டிசிக்கு எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லையா, வேறு கடை பாருங்கள். பெட்ரோல் எஞ்சின் அறையிலோ டேங்க் பக்கத்திலோ மாட்டுவதாக இருந்தால் 'இக்னிஷன் புரொடெக்டட்' (பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்காதது) என்று குறித்த சுவிட்ச் மட்டும்தான், இதில் சமரசம் கிடையாது.

சரி, மாற்றிக் கேட்கலாமா? கேட்கலாம். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டப்படி, பொருளை வாங்கிய 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர்தான். ஆனால் பின்முனையைத் திறந்தபடி விட்டிருந்தால், மாட்டிய விதத்தில்தான் தப்பு என்பார். அந்த வாதம் எடுபடும். சுவிட்சுக்கு உள்ளேயே துரு என்றால் உங்கள் பக்கம் வலு அதிகம். படம் எடுத்து, ரசீதோடு போங்கள். மசியவில்லையென்றால் பயனீட்டாளர் சங்கமான 'கேஸ்' இருக்கிறது. படகை விற்றவர் வியாபாரி அல்லாத தனியாள் என்றால், அவரிடம் இந்தச் சட்டம் செல்லாது.

கேள்வி: சுவிட்சின் பின்னால் சிலிகான் பசை அடைத்து, மேலே டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்தால் போதாதா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: சிலிகானைப் பிதுக்கி முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் செம்புக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலமே அரித்துவிடும். 'நியூட்ரல் கியூர்' என்று போட்டதை வாங்குங்கள். டபிள்யூடி-40-இன் சாதாரணக் கேன் ஈரத்தை விரட்டும், ஆனால் கடலில் நாள்பட நிற்காது. துருத் தடுப்புக்கென்றே மெழுகுப் படலம் விடும் ஸ்ப்ரே தனியாக விற்கிறார்கள். அடிப்பதற்கு முன் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். உப்பின் மேலேயே அடித்தால் உப்பையும் சேர்த்துத்தான் மூடி வைப்பீர்கள். சில ஸ்ப்ரேக்களில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் விரிசல் விடும், கேனின் பின்புறம் படித்துவிட்டு அடியுங்கள்.