ஃபிலிபஸ்டர்: செனட் அவையிலும் ரிசாலின் நாவலிலும்

வணக்கம். அமெரிக்க செனட் பற்றிய கட்டுரையில் மசோதாவைத் தடுக்கும் நெடும்பேச்சைக் குறிக்கும் 'ஃபிலிபஸ்டர்', பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசாலின் 1891ஆம் ஆண்டு நாவலான 'எல் ஃபிலிபுஸ்டெரிஸ்மோ'வின் தலைப்பிலும் இருப்பதால், மொழிபெயர்ப்பில் இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லை இடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேர் ஒன்றே எனினும், அப்படிச் செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

கொள்ளையனைக் குறித்த டச்சுச் சொல் ஒன்று, கரீபியக் கடலில் ஸ்பானியக் கப்பல்களைச் சூறையாடியவர்களின் பெயராகி, ஸ்பானிய மொழியில் 'ஃபிலிபுஸ்தெரோ' என நிலைபெற்றது. 1850களில் அமெரிக்கர்கள் அதைக் கடன்வாங்கி, அரசின் அனுமதியின்றித் தனிப்படை திரட்டி அண்டை நாடுகள்மீது படையெடுத்தவர்களுக்குச் சூட்டினர். அவர்களுள் வில்லியம் வாக்கர் 1856இல் நிகராகுவாவின் அதிபராகவே அமர்ந்து, 1860இல் ஹோண்டுராசில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவை நடவடிக்கையைச் சிறைபிடிப்பதைக் குறிக்கும் பொருள் அதன் பின்னரே வேரூன்றியது.

பிலிப்பைன்ஸிலோ இச்சொல் ஆளைக் கொல்லும் குற்றச்சாட்டாக இருந்தது. ஸ்பானிய ஆட்சிக்கு எதிரானவர் என்று ஐயுற்ற எவர்மீதும் அதிகாரிகளும் கத்தோலிக்கத் துறவியரும் அதைச் சுமத்தினர். 1872இல் அந்நாட்டின் கவீட்டே நகரில் படைவீரர்கள் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக எழுப்பிய கலகத்தையொட்டிக் கொல்லப்பட்ட மூன்று பாதிரியார்களுக்கே ரிசால் அந்நாவலைக் காணிக்கையாக்கினார். 1896இல் அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார்.

ஆகவே செனட் கட்டுரையில் 'பேச்சால் அவையை முடக்குதல்' என்றும், நாவலின் தலைப்புக்கு 'ராஜதுரோகம்' என்றும் எழுதுங்கள். 'கலகம்' என்பது அங்கே போதாது. ஆட்சியாளரின் குற்றஞ்சாட்டும் குரல் தலைப்பிலேயே கேட்க வேண்டும்.