பேரப்பிள்ளைகள் இருந்தால் பயமில்லையா?

காரைக்குடியில் தனியாக இருக்கும் அப்பத்தா “போய்ச் சேர்ந்தாத் தேவலை” என்கிறார். கோயில், பேரன் என்று பிடிப்பு இருக்கிறதே, தற்கொலைப் பயமில்லைதானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

மருத்துவர்கள் இவற்றைப் ‘பாதுகாப்புக் காரணிகள்’ என்று குறித்துக்கொள்வார்கள். ஆனால் பேரேட்டு வரவுபோல ஆபத்திலிருந்து கழித்துவிட முடியாது. சிங்கப்பூர்ப் பேரன் ஞாயிறன்று கூப்பிடுகிறானா, அதற்காக வளவு முற்றத்தில் போனோடு காத்திருக்கிறாரா? அதுதான் கணக்கு. “பிள்ளைகளுக்குப் பாரம்” என்று பேச ஆரம்பித்தால் அந்த உறவே எதிர்ப்பக்கம் சாயும்.

சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள்; கேட்பதால் எண்ணம் முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சேர்ந்துகிடக்கும் பழைய மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம்; தமிழிலேயே பேசலாம்.