மொரிகோனே இசையைக் குறும்படத்தில் சேர்க்கலாமா?

கேள்வி: என்னியோ மொரிகோனே இசையமைத்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்தின் விசில் இசையில் 20 விநாடியை என் குறும்படத்தில் சேர்த்திருக்கிறேன். 30 விநாடிக்குள் அனுமதி தேவையில்லை என்கிறார் எடிட்டர். உரிமம் வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 30 விநாடிச் சலுகை இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் கிடையாது. 'நன்றி: என்னியோ மொரிகோனே' என்று டைட்டிலில் போட்டாலும் அது அனுமதி ஆகாது.

மெட்டு ஒரு சொத்து. அதை வாசித்துப் பதிந்த ஒலிப்பதிவு வேறு சொத்து. மெட்டுக்கு இசைப் பதிப்பாளரிடமும், பதிவுக்கு இசைத்தட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். மொரிகோனே 2020 ஜூலையில் காலமானார். இங்கே மெட்டின் உரிமை 2080 முடியும்வரை இருக்கும். இத்தாலியில் 2090 வரை.

'பழைய தட்டு சார், உரிமை தீர்ந்துபோச்சு' என்பார்கள் தரகர்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள். உதாரணமாக, 1964-இல் வெளியான வேறொரு தட்டு என்றால் 2024 டிசம்பரோடு முடிந்தது. ஆனால் முடிந்தது பதிவின் உரிமை மட்டும்தான். மெட்டு அப்படியே பூட்டிக் கிடக்கிறது. யூடியூபில் ஏற்றினால் ஐரோப்பாவிலும் ஓடும்; அங்கே அதே பதிவுக்கு 70 ஆண்டுகள்.

இன்னொரு மோசடி, வேறு இசைக்குழு வாசித்த பதிவுக்கு ரசீது கொடுத்து மூலப்பதிவு என்று விற்பது. இதே மெட்டை அமெரிக்க இசைக்குழுத் தலைவர் ஹியூகோ மாண்டினீக்ரோ வாசித்து 1968-இல் பிரபலமான வடிவம் முற்றிலும் வேறு பதிவு. மேடையில் இசைப்பதற்கான உரிமத்தைக் காட்டினாலும் நம்பாதீர்கள். படத்தில் கோர்க்க அது செல்லாது.

இத்தாலிய உரிமைச் சங்கமான எஸ்.ஐ.ஏ.இ.-யின் இணையப் பட்டியலில் மெட்டின் பெயரைத் தேடுங்கள். பதிப்பாளர் பெயர் கிடைக்கும். பதிவின் உரிமையாளர் பெயர் தட்டின் பின்னட்டையில், வட்டத்துக்குள் 'பி' எழுத்துள்ள குறிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் இருக்கும். படத்தின் நீளம், இசை வரும் காட்சி, எத்தனை விநாடி, விழாவுக்கா இணையத்துக்கா, எந்தெந்த நாடு, எத்தனை ஆண்டு, படம் எடுக்க ஆகும் மொத்தச் செலவு ஆகியவற்றை எழுதி இருவருக்கும் தனித்தனியே அனுப்புங்கள். விழாவுக்கு மட்டும் கேட்டால் கட்டணம் பெரும்பாலும் குறையும். பதிலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சின்னப் படம் எடுப்பவர் ஒரே இடத்தில் விண்ணப்பித்து வாங்க வழியே செய்யாமல் வைத்திருக்கிறார்கள். தரகர்கள் பிழைப்பதும் அதனால்தான்.

விழா தேதி நெருங்கிவிட்டதென்றால் அந்த 20 விநாடியை வெட்டிவிட்டு, ஓர் இசையமைப்பாளரிடம் புது மெட்டு போடச் சொல்லுங்கள். விசில், எலெக்ட்ரிக் கிட்டார், ஒக்கரீனா என்ற ஊதுகருவி எல்லாம் யாரும் பயன்படுத்தலாம். மொரிகோனேயின் மெட்டு மட்டும் அதில் வரக்கூடாது. மெட்டு, பதிவு இரண்டின் உரிமையும் உங்களுக்கே என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகு பணம் கொடுங்கள்.